திரையின் கறுப்பு

விமானத்தின் மூக்குக்குள் இருக்கும் வானிலை ரேடாருக்கு மின்னல் தெரியாது. ஆலங்கட்டி அதற்கு ஆலங்கட்டியாகத் தெரிவதில்லை. நாம் ஜன்னல் வழியே பார்க்கிற வெள்ளை மேகம்கூட அதற்குப் பெரும்பாலும் வெறும் காற்றுதான். அது பார்ப்பது தண்ணீரை. அதுவும் துளியாகத் திரண்டு விழத் தொடங்கிவிட்ட தண்ணீரை. மின்னலிலிருந்தும் ஆலங்கட்டியிலிருந்தும் விமானத்தைக் காக்கும் கருவி என்று சுருக்கமாகச் சொல்லிவிடும்போது, நடுவில் ஒரு மனிதர் செய்கிற வேலை காணாமல் போய்விடுகிறது. மழை எங்கே, எவ்வளவு என்பதோடு கருவியின் பேச்சு முடிந்தது. அந்த மழைக்குள் என்ன ஒளிந்திருக்கும் என்று கண்டுகொள்வது விமானியின் பொறுப்பு. புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கும் பழைய தர்க்கம்தான். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே அனுமானிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தொடக்கத்தில் ரேடார்க்காரர்களுக்கு மழை ஒரு தொல்லை. 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் உருவாக்கிய மேக்னெட்ரான், சில சென்டிமீட்டர் நீளமே உள்ள அலைகளைப் பெரும் ஆற்றலோடு வீச வழிசெய்தது. எதிரியின் விமானத்தையும் கப்பலையும் தேடுவதற்கான அலை அது. ஆனால் அலை குறுகக் குறுக, மழையும் திரையில் வந்து உட்கார்ந்துகொண்டது. இலக்கை மறைக்கிற அழுக்கு என்று போர்க்காலத்தில் அதைத் திட்டினார்கள். அந்த அழுக்கையே படித்துப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தவர்கள் வானிலையாளர்கள். கனடாவில் ஸ்டூவர்ட் மார்ஷலும் வால்டர் பால்மரும் சாயம் பூசிய வடிதாள்களை மழையில் நீட்டினார்கள். துளிகள் விழுந்த கறைகளை அளந்து, எவ்வளவு மழைக்கு எந்த அளவுத் துளிகள் எத்தனை இருக்கும் என்று கணக்கிட்டார்கள். 1948இல் அவர்கள் வெளியிட்டது மிகச் சிறிய கட்டுரை. இன்றும் ரேடார் எதிரொலியை மழையளவாக மாற்றுகிற கணக்கு அந்தக் கறைகளிலிருந்துதான் கிளைக்கிறது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் எதிரொலி இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை, 64 மடங்காகிறது. ஆறாம் அடுக்கில் ஏறுகிற கணக்கு இது. மூன்று மில்லிமீட்டர் துளி ஒன்றே ஒன்று, ஒரு மில்லிமீட்டர் துளிகள் 729 சேர்ந்து எழுப்பும் எதிரொலியை எழுப்பிவிடும். ஆகவே தூறலை இந்தக் கருவி கிட்டத்தட்டப் பொருட்படுத்துவதே இல்லை. பெரிய துளிகளைக் கண்டால் கூச்சல் போடுகிறது. விமானிக்கு வேண்டியதும் அந்தக் கூச்சல்தான். துளி அந்தரத்தில் அவ்வளவு பெருக்க வேண்டுமானால் கீழிருந்து வலுவான காற்று அதைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். அதே காற்று தண்ணீரை உறைநிலைக்கும் மேலே தூக்கிக்கொண்டு போகிறது. சுழியத்துக்குக் கீழே போயும் உறையாமல் நிற்கிற துளிகள், அங்கே பனிக்குருணைகளின் மேல் ஒட்டி உறைந்து, அடுக்கடுக்காக வளர்ந்து ஆலங்கட்டியாகின்றன. சுழியத்துக்குக் கீழே 10 முதல் 20 பாகை வரை குளிர்ந்த அடுக்கில் பனிக்குருணையும் பனிப்படிகமும் மோதி மோதி மின்னேற்றத்தைப் பிரித்துக்கொள்கின்றன. மின்னல் அங்கே கருக்கொள்கிறது. பெரிய துளி, வலிய காற்று, ஆலங்கட்டி, மின்னல்: இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை மட்டும் திரை காட்டுகிறது. மிச்சத்தை விமானி தன் தலைக்குள் கோத்துக்கொள்கிறார்.

இன்றைய திரையில் மணிக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் மழை வரை பச்சை, 12 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. ஐப்பசி, கார்த்திகையில் கைபேசியில் சென்னைத் துறைமுக ரேடார் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, நாளை பள்ளிக்கு விடுமுறை உண்டா என்று சிவப்புத் திட்டுகளை எண்ணுகிறவர்களுக்கு இந்த நிற மொழி புதிதல்ல. ஆனால் துறைமுகத்து ரேடாருக்கும் விமானத்து ரேடாருக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. துறைமுகத்தில் இருப்பது சுமார் 10 சென்டிமீட்டர் அலை. அது கனமழையை ஊடுருவிப் போய் அப்பால் இருப்பதையும் பார்த்துவரும். அந்த அலையைக் கூர்மையான கற்றையாகக் குவிக்க, பல மீட்டர் அகலமான கிண்ணம் வேண்டும். கட்டடத்தின் உச்சியில் வைக்கலாம், விமானத்தின் மூக்கில் முடியாது. மூக்கில் கிடைக்கும் இடம் முக்கால் மீட்டர் வட்டத்துக்கு மேல் போகாது. எனவே அலையைச் சுமார் 3.2 சென்டிமீட்டருக்குக் குறுக்கினார்கள். 1950களில் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் இதை ஏற்காமல் 5.5 சென்டிமீட்டர் அலையைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தது. மழையை ஊடுருவ அதுவே மேல் என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான். ஆனாலும் காலப்போக்கில் சிறிய, கூரிய, மலிவான 3.2 சென்டிமீட்டர் வென்றது. இன்று நாம் ஏறுகிற பயணிகள் விமானங்களில் கிட்டத்தட்ட எல்லாமே அந்தக் குறுகிய அலையோடுதான் பறக்கின்றன.

அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. குறுகிய அலையை மழை தின்றுவிடுகிறது. முன்னால் நிற்கும் மழை போதுமான அளவு கனமாக இருந்தால், அலை அதற்குள்ளேயே செலவாகிப் போகிறது. அப்பால் என்ன இருந்தாலும் அங்கிருந்து எதுவும் திரும்பி வராது. எதுவும் திரும்பி வராத இடத்தைத் திரை எப்படிக் காட்டும்? மழையே இல்லாத இடத்தைக் காட்டுவது போலவேதான்: கறுப்பாக.

1977 ஏப்ரல் 4 அன்று, அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லிலிருந்து அட்லாண்டாவுக்குக் கிளம்பிய சதர்ன் ஏர்வேஸ் 242, டிசி-9 ரக விமானம். சுமார் அரைமணி நேரப் பயணம். அன்று அந்தப் பகுதியைக் கடந்த புயல் வரிசை லேசானதல்ல. அலபாமாவில் இருக்கும் பர்மிங்காம் நகரில் (மேக்னெட்ரான் பிறந்த ஊர் வேறு) அன்று பிற்பகல் இறங்கிய டொர்னேடோ 22 பேரைக் கொன்றது. விமானிகளுக்கு முன்னால் இருந்தது ஒற்றை நிறத் திரை. ஒளியின் அடர்த்தியை மட்டும் வைத்துக் கனமழையையும் சாதாரண மழையையும் பிரித்தறிவது கடினம் என்பதால், அக்காலக் கருவிகளில் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். மழை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அந்த இடத்தை மட்டும் கருவி அணைத்துவிடும். ஒளிரும் வளையத்துக்கு நடுவே கறுப்புத் திட்டு தெரிந்தால், புயலின் நெஞ்சு அங்கேதான்.

ஆக, அந்தத் திரையில் கறுப்பு என்பதற்கு மூன்று பொருள் இருந்தது. மழை இல்லை. மழை மிகக் கடுமையாக இருக்கிறது. மழைக்கு அப்பால் அலை போய்ச் சேரவில்லை. மூன்றும் ஒரே கறுப்பு.

குரல்பதிவின் எழுத்துவடிவத்தில், முன்னால் இருப்பது கனமாகத் தெரிகிறது, அதனூடே போக வழியில்லை என்ற பேச்சு வருகிறது. பிறகு, திரையில் தெரிவது துளைதானா, துளை இல்லையா என்று இரு விமானிகளும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் அசட்டையாக இருக்கவில்லை என்பதை அந்தச் சில வரிகளே காட்டுகின்றன. இருவரும் திரையைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலகிப் போவதா என்றுகூடப் பேசினார்கள். கடைசியில் வழியாகத் தெரிந்த இடத்தை நோக்கிப் போனார்கள். ஜார்ஜியாவில் ரோம் என்ற ஊருக்கு அருகே பேய்மழையும் ஆலங்கட்டியும் பிடித்துக்கொண்டன. முன்கண்ணாடி விரிசல் விட்டது. இரண்டு என்ஜின்களும் தண்ணீரையும் கட்டியையும் விழுங்கித் திணறி, உள்ளே சிதைந்து, நின்றுபோயின. எட்டும் தூரத்தில் ஓடுதளம் கிடைக்காமல் நியூ ஹோப் என்ற சிற்றூரின் நெடுஞ்சாலையில் இறக்க முயன்றார்கள். விமானத்தில் இருந்த 85 பேரில் 63 பேரும், தரையில் 9 பேரும் இறந்தார்கள். விமானிகள் இருவரும் அந்த 63 பேரில் அடக்கம்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், துணைக் காரணங்களில் ஒன்றாகக் கேப்டனையும் ரேடாரையும் சேர்த்து எழுதியது: இடிமழைப் பகுதிக்குள் நுழைந்து கடப்பதற்கு அவர் ரேடாரை நம்பினார் என்று. நிறுவனம் அவருக்குப் புதிய வானிலைச் செய்தியைத் தராததையும், உடனுக்குடன் எச்சரிக்க இயலாத வான்போக்குவரத்து முறையையும் அதே பட்டியலில் வைத்தது. இவற்றில் ரேடார் பற்றிய வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. நுழைந்து கடப்பதற்கு என்பதுதான் அதன் உயிர். போகக்கூடாத இடத்தைச் சொல்லும் தகுதி அந்தக் கருவிக்கு உண்டு. போகலாம் என்று ஒரு இடத்தைச் சுட்டும் தகுதி அதற்குக் கிடையாது. அது சுட்டுவதாக நாம் எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் திரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன.

இன்மையை எப்படி அறிவது என்பது நம் தர்க்கத்தில் பழைய பேச்சு. மணிமேகலையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில் அபாவமும் ஒன்று. இல்லாமையையும் அறிவதற்கு ஒரு வழி உண்டு என்று ஒப்புக்கொண்ட மரபு அது. பாட்ட மீமாம்சகர்கள் என்ற தத்துவவாதிகள் இதற்கு ஒரு கடிவாளமும் போட்டார்கள். தரையில் பானை தெரியவில்லை என்பதால் பானை இல்லை என்று முடிவுகட்டலாம். ஆனால் பானை இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலை முதலில் இருக்க வேண்டும். இருட்டறையில் நின்றுகொண்டு பானை தெரியவில்லை என்றால் அந்தத் தெரியாமைக்கு எந்த மதிப்பும் இல்லை. கனமழைக்குப் பின்னால் இருக்கும் வானம் ரேடாருக்கு இருட்டறை. அங்கிருந்து வரும் கறுப்பை, வெளிச்சமான தரையில் தெரியும் வெறுமையோடு சேர்த்துப் படித்துவிட்டால் கதை முடிந்தது.

விளக்கேற்றிப் பார்க்க விமானிகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதன் எளிமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆன்டெனாவைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் தரையும் எதிரொலிக்கும். திரை முழுக்கத் தரையின் புள்ளிகள் பரவும். இப்போது மழைத் திட்டுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். தரை அங்கேயும் தெரிந்தால் அலை அதுவரை போய் வந்திருக்கிறது. திட்டுக்குப் பின்னால் மட்டும் ஆப்பு வடிவில் தரை காணாமல் போயிருந்தால், அது ரேடார் நிழல். தரை எங்கும் போய்விடவில்லை என்பது நிச்சயம். எனவே அலைதான் போய்ச் சேரவில்லை. கட்டாயம் இருக்க வேண்டிய ஒன்றைத் தேடி, அது தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே தெரியாததைப் பற்றிப் பேசுவது. மீமாம்சகர் இதைக் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்.

ஆன்டெனாவைச் சாய்ப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ரேடார் பயிற்சியின் முக்கியமான பாடமே அதுதான். கற்றையின் அகலம் மூன்றரை பாகை அளவில் இருக்கும். ஒரு பாகை என்றால் ஒரு கடல்மைலுக்கு 100 அடி என்பது விமானிகளின் மனக்கணக்கு. அப்படியானால் 100 கடல்மைல் தூரத்தில் கற்றையின் உயரம் மட்டும் 35,000 அடி. அதை எங்கே குவிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 36,000 அடியில் பறக்கிற விமானம் நேராக எதிரே பார்த்தால் இடிமேகத்தின் தலையைத்தான் தொடும். தலையில் இருப்பது உலர்ந்த பனி. ஒரே அளவுத் தண்ணீர்த் துளி எழுப்பும் எதிரொலியில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பனி எழுப்பும். உலர்ந்த ஆலங்கட்டிக்கும் இதே குணம்தான். கீழே விழுந்து, மேற்பரப்பு உருகி, தண்ணீர் பூசிக்கொண்ட பிறகுதான் அது திரையில் சிவப்பாகக் கத்தும். எனவே உயரத்தில் பறக்கிறவர் தன் எதிரே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, கீழே பார்க்க வேண்டும். வெப்பமண்டலத்தில் உறைமட்டம் 16,000 அடிக்கு அருகே இருக்கும். அதன் கீழே ஈரமான உடலைப் பார்த்து, அந்த உடலுக்கு எப்படிப்பட்ட தலை இருக்கும் என்று கணிக்க வேண்டும். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இன் கதை, வேகமானிக் குழாய்களை அடைத்த பனிப்படிகங்களோடும் அதன்பின் விமானிகள் தடுமாறியதோடும் சம்பந்தப்பட்டது. ரேடார் அதில் முதன்மைக் காரணமில்லை. ஆனால் அந்த விபத்தின் விசாரணை அறிக்கையிலும், ரேடாரின் அமைப்பை மாற்றிப் பார்த்துவிட்டு 12 பாகை இடப்பக்கம் திரும்பியதாக ஒரு குறிப்பு வருகிறது. அதே இரவில் அதே வழியில் வந்த மற்ற விமானங்கள் அதைவிட நன்றாக விலகிப் போயிருந்தன.

நிறத்திரை வந்த பிறகு கறுப்பின் இரண்டாவது பொருள் ஒழிந்தது, கனமழை சிவப்பானது. மூன்றாவது பொருள் ஒழியவில்லை. 1988 மே 24, நியூ ஆர்லியன்ஸை நெருங்கிய டாக்கா (TACA) நிறுவனத்தின் விமானம் 110, சிவப்புகளுக்கு நடுவே போனது. மழையும் ஆலங்கட்டியும் இரண்டு என்ஜின்களையும் அணைத்தன. கேப்டன் கார்லோஸ் டார்டானோ, கால்வாய்க்கரைப் புல்மேட்டில் விமானத்தை இறக்கினார். 45 பேரும் பிழைத்தார்கள். 2002 ஜனவரி 16, ஜாவாவின் மேல் பறந்த கருடா 421, இரண்டு சிவப்புத் திட்டுகளுக்கு இடையே தெரிந்த இடைவெளியைத் தேர்ந்தெடுத்தது. மறுபடியும் அதே மழை, அதே ஆலங்கட்டி, இரண்டு என்ஜின்களும் அணைந்தன. பெங்கவான் சோலோ ஆற்றில் இறங்கிய அந்த விமானத்தில் பணிப்பெண் ஒருவர் மட்டும் இறந்தார். டாக்காவுக்குப் பிறகு அந்த ரக என்ஜினின் முனைக்கூம்பின் வடிவத்தையும் விசிறி அமைப்பையும் கட்டிகளை வெளிப்புறம் சிதறடிக்கும்படி மாற்றினார்கள். நல்ல காரியம். ஆனால் இடைவெளியைக் கண்டால் வழி என்று நினைக்கும் கண்ணை மாற்றுவதற்கு அப்படியொரு பொறியியல் இல்லை. கடுமையான இடிமேகத்திலிருந்து 20 கடல்மைலாவது விலகு, இரண்டு புயல்களுக்கு நடுவே 40 கடல்மைல் இல்லாவிட்டால் நுழையாதே என்ற விதி அதற்காகத்தான் இருக்கிறது. விதி என்றால், பார்த்து முடிவு செய்யும் வேலையை முன்கூட்டியே வேண்டாம் என்று விலக்கிவைப்பது. கற்றறிந்த கண்ணைவிட முரட்டு விதி பத்திரமானது என்று ஒப்புக்கொள்ள விமானிகளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

மின்னலுக்கு வருவோம். பயணியின் பயம் முழுக்க அதில்தான். இடி இடித்தால் அர்ஜுனா, அர்ஜுனா என்று சொல்லச் சொல்லிக்கொடுத்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் 30,000 அடி உயரத்தில் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். விமானியின் கவலைப் பட்டியலில் அது அவ்வளவு மேலே இல்லை. பயணிகள் விமானம் ஒவ்வொன்றும் சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை மின்னலடி வாங்குகிறது. வாங்குகிறது என்பதும் முழுக்கச் சரியில்லை: பத்தில் ஒன்பது தடவை அந்த மின்னலைத் தூண்டிவிடுவதே விமானம்தான். ஏற்கெனவே இறுகி நிற்கும் மின்புலத்துக்குள் ஒரு நீண்ட உலோகக் குழாய் நுழைகிறது. அதன் மூக்கிலும் இறக்கை நுனியிலும் மின்னல் கிளைத்து இருபுறமும் ஓடுகிறது. மின்சாரம் வெளித்தோலின் வழியாகவே ஓடி வெளியேறிவிடும். கார்பன் இழையால் ஆன புதிய விமானங்களுக்கு இந்த வசதி இயல்பாக இல்லை என்பதால் தோலுக்குள் செப்பு வலையைப் பதிக்கிறார்கள். இந்த அக்கறை இலவசமாக வந்ததில்லை. 1963 டிசம்பர் 8, மேரிலாந்தின் எல்க்டன் அருகே, இறங்குவதற்கு முறை காத்துச் சுற்றிக்கொண்டிருந்த பான் ஆம் 214இன் எரிபொருள் ஆவியை மின்னல் பற்றவைத்தது. 81 பேரும் போனார்கள். எரிபொருள் தொட்டிகளின் மின்னல் பாதுகாப்பு அதன்பிறகுதான் இறுகியது.

மின்னல் எங்கே அடிக்கும் என்பதை ரேடாரின் சிவப்பு சொல்லுமா? 1980 முதல் 1986 வரை நாசா ஓர் எப்-106பி போர்விமானத்தை வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் செலுத்தியது. 1,496 தடவை நுழைந்து 714 அடிகளை வாங்கினார்கள். வாங்கிய அடிகளில் பெரும்பாலானவை, மழையும் குலுக்கலும் குறைவாகவோ அற்பமாகவோ இருந்த இடங்களில் விழுந்தவை. திரையில் பச்சையாகவோ ஒன்றுமே இல்லாமலோ தெரிந்திருக்கக்கூடிய இடங்கள். சிவப்பிலிருந்து விலகினால் குலுக்கலும் ஆலங்கட்டியும் பெரும்பாலும் விலகும். மின்னல் அப்படிக் கட்டுப்படுவதில்லை. அதனால்தான் இரவில் இடிமேகங்களை ஒட்டிப் போகும்போது காக்பிட் விளக்குகளை முழுப் பிரகாசத்தில் போட்டுவிடுகிறார்கள். மின்னல் வெட்டினால் கண் கூசிக் கருவிகள் தெரியாமல் போகக்கூடாது. எத்தனை நுட்பங்களுக்கு நடுவிலும் இப்படிக் கையால் போடுகிற ஒரு விளக்கு இருப்பது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. 1970களில் பால் ரயன் என்பவர் வேறு திசையில் யோசித்தார். மழையை விட்டுவிட்டு மின்வெட்டு எழுப்பும் வானொலி இரைச்சலைக் கேட்டுத் திசை காட்டும் ஸ்டார்ம்ஸ்கோப்பை அவர் உருவாக்கினார். சிறிய விமானங்களில் அது பரவியது. பெரிய விமானங்கள் தண்ணீரையே நம்பிக்கொண்டிருந்தன.

இன்றைய ரேடார்கள் முன்போல ஒரே சாய்வில் பார்ப்பதில்லை. ஹனிவெல்லின் ஆர்டிஆர்-4000, காலின்ஸின் மல்டிஸ்கேன் போன்றவை பல சாய்வுகளில் தாமே துழாவி, வானத்தை நினைவில் சேர்த்துக்கொள்கின்றன. துளிகள் நகரும் வேகத்தை டாப்ளர் முறையில் அளந்து, சுமார் 40 கடல்மைலுக்குள் குலுக்கல் இருக்கும் இடத்தை மெஜந்தா நிறத்தில் பூசுகின்றன. ஆலங்கட்டிக்கும் மின்னலுக்கும்கூடத் திரையில் தனிக் குறி போடுகிற வகைகள் வந்துவிட்டன. ஆனால் கருவி இப்போதும் மின்னலைப் பார்க்கவில்லை. எதிரொலியின் உயரம், உறைமட்டம், வெளிவெப்பநிலை எல்லாவற்றையும் சேர்த்து, இங்கே இருக்க வாய்ப்புண்டு என்று சொல்கிறது. முன்பு விமானியின் தலைக்குள் நடந்த அனுமானம் இப்போது பெட்டிக்குள் நடக்கிறது. அனுமானத்தின் முடிவு படமாக வரும்போது அதை நாம் காட்சியாக எடுத்துக்கொள்வோம் என்ற சங்கடம் இதில் உண்டு. எனக்கு இவற்றில் மிகப் பிடித்த முன்னேற்றம் இந்தக் குறிகள் எதுவுமில்லை. அலை மழையில் கரைந்துபோய், அந்தத் திசையில் அப்பால் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஆகும்போது, மல்டிஸ்கேன் திரையின் விளிம்பில் ஒரு மஞ்சள் வில்லைப் போடுகிறது. நியூ ஹோப் சாலையில் இறங்கியவர்களிடம் இருந்திருக்க வேண்டியது அந்த வில் ஒன்றுதான்.

இவ்வளவையும் மூடியிருப்பது ரேடோம் என்கிற மூக்குக்கூடு. அது உலோகமாக இருந்தால் அலை வெளியே போகாது. எனவே கண்ணாடியிழையும் தேன்கூட்டு அடுக்குமாக, அலையை விடக்கூடிய மெல்லிய பொருளால் செய்கிறார்கள்; மின்னலைப் பின்னே இருக்கும் உலோகத்துக்குக் கடத்த மேலே சில பட்டைகள். விமானத்தின் மிக முன்னால், ஆலங்கட்டியை முதலில் சந்திக்கும் இடத்தில், விமானத்தின் மிக மென்மையான தோல். வேறு வழியில்லை, பார்க்க வேண்டும் என்றால் அப்படித்தான்.

2025 மே 21 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்குப் போன இண்டிகோ 6இ-2142இன் உடைந்த மூக்கின் படத்தை அந்த வாரம் எல்லோரும் பார்த்தோம். 220க்கும் மேற்பட்டவர்கள் இருந்த ஏர்பஸ் ஏ321. 36,000 அடியில், பதான்கோட் அருகே. விமானப் போக்குவரத்து இயக்ககம் பின்னர் வெளியிட்ட அறிக்கையின்படி, விமானிகள் முன்னால் இருந்த வானிலையைக் கண்டு இடப்பக்கம், சர்வதேச எல்லையை நோக்கி விலக அனுமதி கேட்டார்கள். வடக்குக் கட்டுப்பாட்டு மையம் அனுமதிக்கவில்லை. பிறகு லாகூரைத் தொடர்புகொண்டு அவர்களுடைய வானத்துக்குள் நுழையக் கேட்டார்கள். அதுவும் மறுக்கப்பட்டது. ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தானின் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டிருந்தது. திரும்பிப் போக முயன்றார்கள்; அதற்குள் மேகம் மிக அருகே வந்துவிட்டது. ஊடே கடப்பது என்று முடிவெடுத்து, குறுகிய வழியில் வெளியேறுவதற்காக ஸ்ரீநகர் திசையிலேயே நேராகப் போனார்கள். ஆலங்கட்டி பொழிந்தது. தானியங்கி ஓட்டி கழன்றது. வேகம் ஏறியும் இறங்கியும் எச்சரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அலறின. ஒரு கட்டத்தில் விமானம் நிமிடத்துக்கு 8,500 அடி வேகத்தில் இறங்கியது. கையால் ஓட்டி வெளியே கொண்டுவந்து ஸ்ரீநகரில் இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

படத்தைப் பார்த்தவர்கள் மூக்கைப் பற்றியே பேசினார்கள். அறிக்கையில் நான் திரும்பப் படித்தது அனுமதி கேட்ட வரிகளை. ரேடாரைப் படிப்பதில் இந்த விமானிகளுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. துளையா, நிழலா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. என்ன இருக்கிறது என்று தெரிந்து, எந்தப் பக்கம் விலக வேண்டும் என்றும் தெரிந்து, நேரத்தோடு கேட்டும் இருக்கிறார்கள். 20 கடல்மைல் விலகு என்கிற விதி, விலகுவதற்கு 20 கடல்மைல் வானம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. பதான்கோட்டுக்கு மேலே அன்று அந்த வானம் யாருடையது என்பதை டெல்லியும் இஸ்லாமாபாத்தும் சில வாரங்களுக்கு முன்பே முடிவு செய்திருந்தன.